கரண்டு அக்காவின் முதல் லாரி

என் அக்கா ஒன்பது வருடம் வேலை பார்த்த பட்டறையை விட்டு வெளியே வந்தது ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்கு. வண்டியின் பழுதைப் படிக்கும் அவளுடைய ஸ்கேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவள் நான் என்பதால் மணி வரைக்கும் நினைவிருக்கிறது. நாலு வருடம் ஊர் ஊராக, வேலை வேலையாக மாறிச் சுற்றிவிட்டு இரண்டு நாள் முன்புதான் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். பத்து நாளில் மறுபடி கிளம்புவதாகத் திட்டம். அன்று காலை அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். வாங்கி மாட்டிக்கொண்டவள், "நல்ல நேரத்துல வந்தே. இதைப் புடி" என்று பெட்டியை என் கையில் திணித்தாள்.

நடந்தது இதுதான். எச்சரிக்கை விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்று முந்தைய வாரம் ஒரு பள்ளி வேனைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அன்று அக்கா விடுப்பு. முதலாளியே பார்த்துச் சரிசெய்து அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை அதே வேன் வேறு வேலைக்காக வந்தபோது அக்கா டேஷ்போர்டைக் கழற்றினாள். விளக்கின் மேல் கருப்பு டேப் ஒட்டியிருந்தது. அதை உரித்து, முதலாளியின் மேசை மேல் ஒட்டிவிட்டு, தன் பெட்டிகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ரோஷம் சோறு போடாதும்மா" என்றார் முதலாளி, கேட் வரைக்கும் வந்து.

"சோத்தை நானே போட்டுக்கறேன் சார். நீங்க அந்த வேன்ல போற பிள்ளைங்களை நெனச்சுக்குங்க."

தெரு முனை வரை வேகமாக நடந்தாள். திரும்பியதும், "இப்ப என்னடி பண்றது?" என்று என்னைக் கேட்டாள்.

அக்காவை அந்த வட்டாரத்து லாரிக்காரர்கள் 'கரண்டு அக்கா' என்பார்கள். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட எலக்ட்ரிகல் படிப்பு. அதற்குப் பிறகு மோட்டாருக்கு வயர் சுற்றும் கடை. பிறகு அந்தப் பெரிய பட்டறையில் போன் எடுக்கும் வேலை. போன் எடுக்கும் மேசைக்கு எதிரேதான் மின்சாரப் பிரிவு. மெக்கானிக்குகள் பழுதுக் குறியீடு ஒன்றைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போதெல்லாம் இவள் அதை ஒரு நோட்டில் குறித்து வைப்பாள். எந்த வண்டி, என்ன குறியீடு, கடைசியில் எது பழுதாக இருந்தது. ஒரு வருடத்தில் நோட்டு நிறைந்தது. அதற்குள் மெக்கானிக்குகள் போன் மேசைக்கு வந்து அவளைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். போனை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார் முதலாளி. நன்றிக்கு உரிய மனிதர்தான், டேப் ஒட்டியதைத் தவிர.

அவளுக்கு ஒரு பழக்கம். வண்டி சரியாகிவிட்டதா என்று கேட்டால் "ஆச்சு" என்று சொல்லவே மாட்டாள். "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். கல்யாணத்துக்குக் கேட்டபோது மாமாவிடமும் இதையேதான் சொன்னாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை அவருடையது. பாதியைக் காலி செய்து அக்காவுக்குக் கொடுத்தார். நடுவில் ஒரு தார்ப்பாய்த் திரை. அந்தப் பக்கம் பெயிண்ட், இந்தப் பக்கம் கரண்டு. அக்கா வீட்டுக்குள் அவரை "ஏங்க" என்பாள். திரையைத் தாண்டிவிட்டால் "பெயிண்டரே". கோபமாக இருந்தால் வீட்டுக்குள்ளும் "பெயிண்டரே".

முதல் வண்டி பத்தாவது நாள் வந்தது. நான் டிக்கெட் எடுத்திருந்த நாள். லாரி வந்து நின்றதைப் பார்த்ததும் அக்கா முகம் போன போக்கில் டிக்கெட்டை யாரிடமும் சொல்லாமல் ரத்து செய்தேன்.

பதினோரு லாரி வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் வண்டி. கம்பெனியை நடத்துவது ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசுவார். கிடங்கு கேட் காற்றில் ஆடி வந்து மோதியதில் லாரியின் முகத்தில் வலை போல இருக்கும் முன் கிரில் நொறுங்கிப் போயிருந்தது. புதுக் கிரில்லை அவர்களே வாங்கி வந்திருந்தார்கள்.

"ஒரு வண்டி தர்றேன். நல்லா வந்தா மத்த பத்தும் இங்கதான் வரும்" என்றார் அந்த அம்மா. "நல்லா வரலைன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வரவும் மாட்டேன்."

கிரில் மாற்றுவது பெரிய வேலை இல்லை. பெரிய வேலை அதற்குப் பின்னால் இருக்கிறது. புது லாரிகளில் கிரில்லின் நடுவே, ஒரு உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சதுரத்துக்குப் பின்னால், ரேடார் சென்சார் உட்கார்ந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத அலையை முன்னால் அனுப்பி, போய் முட்டித் திரும்பி வருவதை வைத்து முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடும். டிரைவர் அசந்துவிட்டால் அதுவே பிரேக் போடும். கேட் இடித்ததில் அந்த சென்சாரைத் தாங்கும் பிராக்கெட் லேசாக வளைந்திருந்தது. அக்கா அளவுமானியை வைத்துப் பார்த்தாள். இரண்டு டிகிரி கீழே.

"ரெண்டு டிகிரிதானே?" என்றேன்.

"நீ ரெண்டு டிகிரி தலையக் குனிஞ்சுக்கிட்டு நடந்து பாரு. நூறு அடி தாண்டி வர்ற ஆளோட மூஞ்சி தெரியாது, செருப்புதான் தெரியும்."

பிராக்கெட்டை நிமிர்த்தி, திருகைச் சரிசெய்து, லேப்டாப்பை மாட்டி, லாரியைச் சாலையில் ஓட்டிப் போனோம். சென்சார் தன் பார்வையைத் தானே நேர்செய்துகொள்ள நேரான சாலையில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். திரையில் ஓர் எண் பூஜ்யத்திலிருந்து நூறுக்கு ஏறும். நூறு வந்தது. அப்போது கிரில் லாரியில் இல்லை. அது தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம், மாமாவின் கொட்டகையில், மற்ற பாகங்களின் நிறத்துக்கு ஏற்றபடி பெயிண்ட் அடித்து காய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் காய்ந்ததும் மாட்டி, வண்டியை அனுப்பிவிட்டோம். பளபளவென்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி போனது லாரி.

இரண்டாம் நாள் திரும்பி வந்தது.

டிரைவருக்கு 'ஹாரன்' என்று பெயர். மெதுவாகப் பேசவே தெரியாத மனிதர். "அக்கா! மஞ்ச லைட்டு! அரை மணி நேரம் ஓடுது, அப்புறம் 'சென்சார் மறைக்கப்பட்டது'ன்னு எழுத்து வருது! எறங்கித் துடைச்சுப் பாத்துட்டேன், ஒரு ஈ கூட ஒட்டலை!"

அக்கா கிரில்லைக் கழற்றினாள். கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒரு பின்னில் லேசான பச்சைக் களிம்பு. சுத்தம் செய்தாள். ஓட்டிப் பார்த்தாள். லைட் வரவில்லை. கிரில்லை மாட்டி அனுப்பினாள்.

மூன்று நாளில் மறுபடி. இந்த முறை வயரை முழுக்க மாற்றினாள். கிரில்லைக் கழற்றித்தான் வயரைத் தொட முடியும். மாற்றினாள், ஓட்டினாள், லைட் வரவில்லை, மாட்டினாள், அனுப்பினாள்.

மூன்றாவது முறை லாரியோடு அந்த அம்மாவும் வந்தார். இறங்கவில்லை. ஜன்னலிலிருந்தே, "வெள்ளிக்கிழமை வண்டி எனக்கு வேணும். லைட் இல்லாம" என்றார். அன்று புதன்.

ஹாரன் அண்ணன் போகாமல் நின்றார். அவர் அளவுக்கு அது ரகசியக் குரல். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா, அந்த ஒயரை உருவி விட்டுடுங்களேன். லைட்டை மட்டும் ஏதாச்சும் பண்ணி அணைச்சிடுங்க. இருபது வருசமா என் கால்தான் பிரேக் போடுது. இது இல்லாமயா ஓட்டினேன்?"

"நீங்க முழிச்சிருக்கற வரைக்கும் உங்க காலு போதும்ணா. இது நீங்க கண்ணசர்ற அந்த ஒரு நிமிசத்துக்கு."

மத்தியானம் சாப்பிடும்போது மாமாவும் மெல்ல ஆரம்பித்தார். "வெள்ளிக்கிழமைக்கு லைட்டை மட்டும் அழிச்சுக் கொடுப்போம். பத்து வண்டி இங்க வரட்டும். அப்புறம் ஆற அமரப் பாத்துக்கலாமே. அந்த அம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். "பெயிண்டரே, நான் அங்கேருந்து எதுக்கு வெளிய வந்தேன்?"

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டார். நானும்தான். அவர் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம் இருந்தது. நாலு வருடத்தில் ஆறு வேலையை விட்டவள் நான். ஒரு வேலை ஒத்துவரவில்லை என்றால் கிளம்பிவிடுவேன், அவ்வளவுதான். அக்காவுக்கு அப்படிக் கிளம்ப இனி இடம் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே அவள் ஒன்பது வருடச் சேமிப்பு முழுக்க ஸ்கேனராக, அளவுமானியாக, ஜாக்கியாக நின்றிருந்தது.

வியாழக்கிழமை காலை மூன்று பேர் லாரியில் கிளம்பினோம். ஹாரன் அண்ணன் ஓட்ட, அக்கா நடுவில் லேப்டாப்போடு, நான் ஜன்னலோரம் நோட்டோடு. லைட் எரியும் நேரத்தை எழுதுவது என் வேலை. எட்டு ஐந்துக்குப் புறப்பட்டோம். நகரத்துக்குள் முன்னாலும் பக்கத்திலும் வண்டிகள், ஒன்றும் இல்லை. எட்டரைக்கு வெளிச்சாலை. காலியான நேர்ச்சாலை. எட்டு நாற்பத்திரண்டுக்கு மஞ்சள் லைட்.

"ஓரங்கட்டுங்கண்ணா."

அக்கா ஸ்பேனரோடு இறங்கி, வழக்கம்போல் கிரில்லைக் கழற்றினாள். சாலையோரப் புழுதியில் வைக்க மனசு வராமல், "இதைப் புடி, பெயிண்ட்ல கோடு விழுந்தா உங்க மாமா அழுதுடுவாரு" என்று மேலே என்னிடம் நீட்டினாள். டிரைவர் படுக்கும் பலகையில் கிரில்லைச் சாய்த்து வைத்தேன். அவள் கனெக்டர், வயர், பிராக்கெட் என்று எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றையும் மாற்றவில்லை. ஒன்றும் பழுதாக இல்லை. வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினோம். லைட் போய்விட்டது.

"போய்க்கிட்டே இருங்க" என்றாள்.

ஒரு மணி நேரம் ஓடினோம். லைட் வரவில்லை. ஹாரன் அண்ணன், "பாத்தீங்களா, உங்க கை பட்டதும் பயந்துடுச்சு!" என்று ஸ்டியரிங்கில் தட்டினார். அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே பலகை மேல் எங்களோடு சவாரி வந்துகொண்டிருந்தது கிரில்.

"நான் ஒரு முட்டாள்டி" என்றாள்.

"ஏன்க்கா?"

"ஒவ்வொரு தடவையும் இதைக் கழட்டிட்டுத்தான் செக் பண்ணினேன். கழட்டினா சரியா ஓடுது. நான் கனெக்டரைத் தொட்டதால சரியாச்சுன்னு நெனச்சேன், ஒயரை மாத்தினதால சரியாச்சுன்னு நெனச்சேன். நான் எதையும் சரி பண்ணவே இல்ல. பழுதைக் கழட்டிப் பக்கத்துல வெச்சுட்டு வண்டியை ஓட்டிப் பாத்திருக்கேன்."

எம்பிப் பலகையில் ஏறி உட்கார்ந்து கிரில்லை மடியில் வைத்துக்கொண்டாள். நடுச் சதுரத்தைத் தடவினாள். மற்ற இடமெல்லாம் அடர் நீலம். அந்தச் சதுரம் மட்டும் கண்ணைப் பறிக்கும் வெள்ளி. நகத்தால் சுரண்டினாள். நகக்கண்ணில் மினுமினுப்பான பொடி. போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, கிரில்லு நடுவுல ஒரு கட்டம் இருக்குல்ல? அது வாங்கிட்டு வந்தப்ப என்ன கலரு?"

"கருப்பு. அசிங்கமா இருந்துச்சு, பொட்டு வெச்ச இடத்துல மச்சம் மாதிரி. நான்தான் சில்வர் அடிச்சேன்" என்றார் மாமா, மகிழ்ச்சியோடு. "நல்லா எடுப்பா இருக்குல்ல? மூணு கோட்டு பூசியிருக்கேன்."

"எந்த சில்வரு?"

"நல்ல சில்வருதான். அலுமினியப் பொடி கலந்தது. ஏன்?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஹாரன் அண்ணன் வண்டியைத் திருப்ப இடம் பார்த்தார்.

அக்கா எனக்கு விளக்கியது இவ்வளவுதான்: ரேடாரின் அலை வெறும் பிளாஸ்டிக்கைச் சுலபமாகக் கடந்துவிடும், உலோகத்தைக் கடக்காது. மூன்று பூச்சு அலுமினியம் என்றால் மூக்குக்கு முன்னால் தகரத்தை ஆணியடித்தது போல. நகரத்துக்குள் ஏதோ கொஞ்சம் கசிந்து போய்ப் பக்கத்து வண்டிகளில் பட்டுத் திரும்பியது. காலிச் சாலையில் எதுவுமே திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் யாரோ நிற்கிறார்கள் என்று அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. மூன்று முறையும் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.

பட்டறைக்குத் திரும்பியதும் அக்கா பழைய உடைந்த கிரில்லைக் குப்பைக் குவியலிலிருந்து இழுத்துப் போட்டாள். எல்லாம் நொறுங்கியிருந்தும் அதன் கருப்பு நடுச் சதுரம் மட்டும் கீறல் இல்லாமல் இருந்தது. கழுவித் துடைத்து, புதுக் கிரில்லின் வெள்ளிச் சதுரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தினாள். கிரில்லை மாட்டிய பிறகு, எல்லாத் திருகையும் முடுக்கிய பிறகு, மறுபடி சாலைக்குப் போனோம். எண்ணைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். அறுபது. எழுபத்தெட்டு. தொண்ணூற்று நாலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. தொண்ணூற்று ஐந்து. நூறு. ஹாரன் அண்ணன் ஹாரன் அடித்தார். "இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றாள் அக்கா. ஓட்டினோம்.

வெள்ளிக்கிழமை காலை. அந்த அம்மா வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு மாமா தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கிரில்லு அவங்க வாங்கிட்டு வந்ததுதானே? பொருளே சரியில்ல, நாங்க கண்டுபுடிச்சு மாத்திட்டோம்னு சொல்லிடேன். பத்து வண்டிம்மா."

"கேட்டாலும் சொல்றேன், கேக்கலைன்னாலும் சொல்றேன். நடந்ததைச் சொல்றேன்."

அந்த அம்மா இந்த முறை இறங்கினார். அக்கா அவரை நிற்க வைத்து, சுரண்டிய வெள்ளிச் சதுரத்தைக் கையில் கொடுத்தாள். "பொருள் நல்ல பொருள்மா. எங்க பட்டறையில இதுக்கு மேல உலோகப் பெயிண்ட் அடிச்சுட்டோம். அதான் மறைச்சுது. மூணு தடவை உங்க வண்டி அலைஞ்சது எங்களால."

"எங்களால இல்லம்மா, என்னால" என்றார் மாமா பின்னாலிருந்து. "அழகா இருக்கட்டும்னு நான்தான் அடிச்சேன்."

"அடிச்சதுல என்ன இருக்கு? கிரில்லை மாட்டாம ஓட்டிப் பாத்துட்டுக் குடுத்தது நான்" என்றாள் அக்கா.

"அடிக்காம இருந்திருந்தா நீ எப்படி ஓட்டியிருந்தாலும்—"

"பெயிண்டரே, சும்மா இருங்க."

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பை ரெண்டு பேரும் அப்புறமா பங்கு போட்டுக்குங்க. மூணு தடவையும் உங்களுக்குத் தெரியலை?"

"தெரியலைம்மா."

"இப்பத் தெரியுது."

"இப்பத் தெரியுதும்மா. நேத்து நூத்தி நாப்பது கிலோமீட்டர் ஓட்டியாச்சு."

அவர் வெள்ளிச் சதுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

பத்து லாரிகளும் வரவில்லை. அடுத்த வாரம் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. ஹாரன் அண்ணன் மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போவார். விளக்கு வரவில்லை என்று அதற்கு அர்த்தம். அக்கா கார், வேன், தண்ணீர் லாரி, வந்ததையெல்லாம் எடுத்துச் செய்தாள். ஐந்தாவது நோட்டின் முதல் பக்கத்தில் அந்த லாரியை எழுதினாள்: குறியீடு, மூன்று தவறான காரணம், ஒரு சரியான காரணம், கீழே "கழற்றிய எதையும் மாட்டாமல் ஓட்டிப் பார்ப்பது ஓட்டிப் பார்ப்பது ஆகாது" என்று. மாமா எந்த வண்டியின் முகத்திலும் கை வைக்கும் முன் தார்ப்பாயை விலக்கி, "இதுக்குப் பின்னாடி எதாவது இருக்கா?" என்று கேட்கப் பழகினார். கதவுக்குக் கூடக் கேட்பார்.

நான் பல ஊர்களில் பல முதலாளிகளிடம் வேலை செய்திருக்கிறேன். பிழை தன்னுடையது என்று தெரிந்த பிறகு, அதை மறைக்க ஒரு நல்ல காரணம் கையில் இருந்தும், எதிரே நிற்பவரிடம் சதுரத்தை எடுத்து நீட்டிய ஆளை நான் பார்த்தது அந்தத் தகரக் கொட்டகையில்தான். அவள் என் அக்கா என்று சொல்லிக்கொள்ள எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. நான் இன்னும் கிளம்பவில்லை.

ஒன்றேகால் வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கா ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தபோது அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கை முழுக்க கிரீஸ் என்பதால் என்னை வாசிக்கச் சொன்னாள். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி வாசித்தேன்.

"புது லாரி ஆறு வந்து நிக்குது. முன்பக்கம் யாரையும் தொட விடலை. கம்பெனி பேரை எங்க எழுதலாம், எங்க எழுதக் கூடாதுன்னு நீங்க வந்து பாத்துச் சொன்னப்புறம்தான் பெயிண்ட். பழைய வண்டிகளையும் ஒவ்வொண்ணா அனுப்பறேன். வரும்போது உங்க பெயிண்டரையே கூட்டிட்டு வாங்க."